கீபோர்டா, கீர்த்தனையா? பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,



போன ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி அறையில் கூடினோமே, அந்தக் கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. டீ ஆறிப்போகிற வரை எல்லாரும் மாறி மாறிப் பேசினீர்கள். பெரிய எல்.இ.டி. திரை, டிரம்ஸ், புது ஒலிபெருக்கி எல்லாம் வேண்டும் என்பது உங்கள் பக்கம். ஹார்மோனியமும் கீர்த்தனைப் புத்தகமும் போதும் என்பது எங்கள் வயதுக்காரர்கள் பக்கம். "இது கோயிலா, கச்சேரி மேடையா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இப்படியே இழுத்து இழுத்துப் பாடினா, பத்து வருஷத்துல பெஞ்சு மட்டும்தான் தாத்தா இருக்கும்" என்று உங்களில் ஒருவர் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது. வீட்டுக்கு வந்து நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அடையாறு, தி.நகர் பக்கத்துச் சபைகளிலும் இதே வழக்குதான் நடக்கிறது என்று கேள்விப்படுவதால் பொதுவிலேயே வைக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கணக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன். "பழைய வழி, பழைய வழி" என்கிறோமே, அது எவ்வளவு பழையது? நம் பாட்டுப் புத்தகமான பாமாலையில் பாதிக்கு மேல் ஜெர்மன் மெட்டும் இங்கிலீஷ் மெட்டும்தான். 18ஆம் நூற்றாண்டில் நம் வேப்பேரியில் இருந்துகொண்டு ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியவர் பெப்ரிசியுஸ் ஐயர். (நல்ல மனிதர், நல்ல தமிழ். பண விவகாரத்தில் மாட்டிக்கொண்டு வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். நம் பொருளாளர் இந்த வரியை இரண்டு தடவை படிக்கட்டும்.) அந்த மெட்டுகளுக்குள் தமிழ் வார்த்தைகளை மடக்கி நுழைத்ததில் குறில் நெடிலாகி, நெடில் குறிலாகி, பாடுகிறவர்களுக்கே பொருள் தெரியாமல் போன இடங்கள் உண்டு. கீர்த்தனை அதற்குப் பிறகு வந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் அவர் வழி வந்தவர்களும் பாடிக்கொண்டிருந்ததை, மதுரைப் பக்கம் வேலை செய்த எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனெரி 1853இல் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கோயிலுக்குள் வந்தபோது அதுவும் புதுசுதான். இன்றைக்கு நாங்கள் கண்ணை மூடி உருகுவது அன்றைக்கு யாருக்கோ உங்கள் டிரம்ஸ் மாதிரி இருந்திருக்கும்.

முறைகளைப் பற்றிய சண்டை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. முழங்காலில் நின்று ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஜெபித்த ஆங்கிலிக்கன், மனசில் வந்ததைச் சொல்லி ஜெபித்த காங்கிரிகேஷனல், அவர்களோடு பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட். பேச்சுவார்த்தை ஆரம்பித்து முடிய ஏறக்குறைய முப்பது வருஷம் ஆயிற்று. மூன்று வருஷம் கழித்து, 1950இல், பொதுவான திருவிருந்து ஆராதனை முறை வந்தது. அதில் சமாதானம் கூறுதல் என்று கைகளைக் குவித்து அடுத்தவர் கைகளுக்குள் வைத்துக் கொடுக்கிறோமே, அது லண்டனிலிருந்து வந்ததல்ல. மலையாளக் கரையின் சிரியன் கிறிஸ்தவர்களிடம் கேட்டு வாங்கியது. கத்தோலிக்கரைப் பாருங்கள். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை வெளியிடும்வரை சாந்தோமில் பூசை லத்தீனில்தான். குருவானவர் பீடத்தைப் பார்த்து முணுமுணுக்க, பின்னால் பாட்டிமார் அவரவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார்கள். அது தமிழுக்கு வந்து இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை. (நாம் ஜெபம் என்போம், அவர்கள் செபம் என்பார்கள். ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு எத்தனை கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறோம்!)

ஆக, புதுசு என்பதற்காக உங்களைத் தடுக்க எனக்கு வாய் இல்லை.

உங்கள் பக்கத்துக்கும் ஒன்று உண்டு. ஒலிபெருக்கி. நம் மாநகரத்திலேயே, மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம், கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி மக்கள் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் சத்தத்தைப் பொறுக்க முடியாமல் கோர்ட்டுக்குப் போனார்கள். சத்தம் எங்களுடையதல்ல, ரோட்டில் போகிற வண்டிகளுடையது என்று சபை வாதாடிப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2000 ஆகஸ்ட் 30ஆம் தேதி தீர்ப்பு வந்தது: அடுத்தவன் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து, மேளம் அடித்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று. எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. பிறனை நேசி என்று பிரசங்கிக்கிறவர்களுக்கு, பிறன் தூங்க வேண்டும் என்பதை ஒரு நீதிபதி சொல்ல வேண்டியிருந்ததே. நம் கோயிலின் பின்சுவரை ஒட்டி மூன்று வீடுகள் இருக்கின்றன. புது ஒலிபெருக்கி வாங்கும் முன் அந்த மூன்று வீட்டிலும் ஒருமுறை போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சரி, இவ்வளவும் ஓரத்து விஷயம். நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். "எனக்குப் பிடிக்கிறது", "எங்களுக்குப் பிடிக்கவில்லை", "இளைஞர்களுக்கு இதுதான் பிடிக்கும்". பிடிக்கிறது என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று நான் எண்ணவில்லை, எண்ணியிருக்கலாம். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு எண்ணெய் அதிகம், உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி ஆராதனையைப் பற்றிப் பேசினோம். யாருக்காக இந்த ஆராதனை என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கடவுளுக்காக என்றால், அவருக்கு இது எதற்கு? ஐம்பதாம் சங்கீதத்தில் அவரே இதைக் கேலியாகக் கேட்கிறார்: எனக்குப் பசித்தால் உன்னிடமா வந்து கேட்பேன் என்கிற தோரணை. ஆமோஸ் தீர்க்கதரிசி ஆடு மேய்த்தவன், நாசூக்குத் தெரியாதவன். உங்கள் பாட்டுச் சத்தத்தை நிறுத்துங்கள், நியாயம் தண்ணீரைப்போல் ஓடட்டும் என்கிற பொருளில் கர்த்தருடைய பெயரால் அவன் கத்தியது, கோயில் இடிந்து கிடந்த காலத்தில் அல்ல. வாத்தியக் குழுவும் காணிக்கையும் நிரம்பி வழிந்த காலத்தில்.

அவருக்குத் தேவையில்லை என்றால் நாம் ஏன் கூட வேண்டும்? எனக்கு இதற்கான பதில் ஒரு வேதபாடப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை, தி.நகரில் கிடைத்தது. டிசம்பர் முதல் வாரத்தில் கிறிஸ்துமஸ் துணி எடுக்கப் பேரப்பிள்ளைகளோடு உஸ்மான் ரோட்டுக்குப் போனேன். ரங்கநாதன் தெருவுக்குள் கால் தரையில் படாமலே கூட்டம் தூக்கிக்கொண்டு போயிற்று. நகைக்கடை வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தேன். அந்த ஏக்கம், அந்தப் பணிவு, அட்சய திருதியைக்கு விடிகாலையிலேயே வந்து வரிசையில் நிற்கிற அந்த விரதம். அந்த வரிசையில் நம் சபை ஆட்களும் நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மனுஷன் எதையாவது கும்பிடாமல் இருக்க மாட்டான். எதன் முன் குனிகிறானோ அதன் சாயல் அவன் முகத்தில் ஏறிவிடும். வாரத்தில் ஆறு நாள் எதன் எதன் முன்னாலோ குனிந்த முதுகை ஏழாம் நாள் வேறொருவர் முன்னால் குனிய வைக்கத்தான் மணி அடித்துக் கூப்பிடுகிறோம். தமிழில் வழிபாடு என்ற சொல்லே வழிப்படுவதைத்தான் சொல்கிறது. ஒருவர் போன வழியில் நடப்பது. பாட்டு அதில் நடைக்குத் தாளம், அவ்வளவுதான்.

ஆனால் நாம் அந்தக் கடை மனசையே கோயிலுக்குள்ளும் கொண்டுவருகிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, என் வீட்டில் நாற்பது வருஷ அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. பெருகப் பண்ணுவேன், ஆசீர்வதிப்பேன், தலையாக்குவேன். ஒரு வருஷமாவது, உனக்குண்டானவற்றை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற வசனம் வந்ததா? அச்சடிக்கிறவருக்கு வியாபாரம் தெரியும்.

கடவுளிடம் எதைக் கேட்பது என்பதில் நம் ஊர் அப்போஸ்தலரைப் பற்றி ஒரு வார்த்தை. தோமா கி.பி. 52இல் வந்தார், 72இல் இங்கே குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். யோவான் சுவிசேஷம் அவரைப் பற்றிச் சொல்கிற ஒரு சங்கதிதான் எனக்கு முக்கியம். இயேசு உயிர்த்தெழுந்த அன்று மாலை சீஷர்கள் கூடியிருந்தார்கள். தோமா மட்டும் இல்லை. அதாவது, முதல் ஞாயிறு கூட்டத்துக்கே மட்டம் போட்டவர் மயிலாப்பூர் அப்போஸ்தலர்! ஒரு வாரம் கழித்து வந்தார். வருவதற்கு முன் அவர் கேட்டது என்ன? மகிமையைக் காட்டு என்றோ, வல்லமையைக் காட்டு என்றோ கேட்கவில்லை. ஆணி பாய்ந்த இடத்தில் விரலை வைக்க வேண்டும் என்றார். இயேசு காயத்தைக் காட்டிய பிறகுதான் அவர் வாயிலிருந்து என் ஆண்டவரே, என் தேவனே என்ற ஆராதனை பிறந்தது. சாந்தோம் பேராலயத்தில் படியிறங்கிக் கல்லறைச் சிற்றாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். மேலே 1896இல் கட்டி முடித்த வெள்ளைக் கோபுரம் பிரமாதமாக இருக்கும். கீழே ஒரு சிறிய அறை. பாட்டு இல்லை, மைக் இல்லை. ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான் புராட்டஸ்டன்ட் ஆள், கல்லறையில் எனக்கு என்ன என்று பல வருஷம் போகவே இல்லை. என் மனைவி இறந்த பிறகு போக ஆரம்பித்தேன்.

இதேபோல் இன்னொரு தலைக்கனமும் எனக்கு இருந்தது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் காவி உடுத்தி வெறுங்காலோடு வடசென்னையிலிருந்தெல்லாம் ராத்திரி பூராவும் நடந்து வருகிறார்களே, அவர்களைப் பார்த்து "அறியாமை" என்று நாக்கைச் சப்புக்கொட்டியிருக்கிறேன். அதில் பாதிப் பேர் ஞானஸ்நானமே வாங்காதவர்கள், வேறு என்ன சொல்ல! ஒரு வருஷம் அடையாறு பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. இறங்கி அவர்களோடு நடந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, இடுப்பில் நடக்க முடியாத பிள்ளை. அவள் எதையும் பாடவில்லை. அவளுக்கு முன்னால் என் நாற்பது வருஷப் பாமாலை அன்றைக்குக் கொஞ்சம் லேசாகத்தான் தெரிந்தது.

இப்போது நெஞ்சில் குத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியை எடுத்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. தமிழில் கிறிஸ்துவைப் பாட அவரைவிட யார்? ஆனால் அந்தச் சாஸ்திரியார்தான், கோயிலுக்குள் சாதி ஆசாரத்தை விடச்சொன்ன மிஷனெரிமாரை எதிர்த்து எழுதி எழுதிப் போராடினார். வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தலித் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம் என்று உட்காருவதும் திருவிருந்தில் முன்னவர்கள் முதலில் வாங்குவதும் இங்கே வழக்கமாக இருந்தன. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், இது இனி ஒருநாள்கூட நீடிக்கக் கூடாது என்கிற கறாரோடு கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபைகள் பிளந்தன. தெற்கே வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் 1872இல் கட்டிய கோயில் இரண்டு கால் உள்ள கால்சட்டை மாதிரி, சாதிக்கொரு கூடம், பீடம் மட்டும் பொது. நடுச் சுவர் 1910இல்தான் இடிந்தது. அங்கெல்லாம் பாட்டு நன்றாகத்தான் இருந்திருக்கும். ராகம் தப்பியிருக்காது.

நம் கோயிலில் சுவர் இல்லை. சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் ஒரு தகரக்கூரை ஜெபவீட்டுக்குப் போகிறார். வெள்ளிதோறும் உபவாசம் இருந்துகொண்டே நாலு வீட்டு வேலை செய்வார். நம் கோயில் அவர் வீட்டுக்குப் பக்கம்தான். ஏன் இங்கே வருவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். ஒருமுறை வந்தாராம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள், ஆனால் அவர் உட்கார்ந்த பெஞ்சில் அப்புறம் யாரும் வந்து உட்காரவில்லையாம். அந்த ஜெபவீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், காய்ச்சல் என்றால் வந்து தலையில் கை வைக்கிறார்கள் என்றார். குற்றம் சொல்கிற குரலில்கூட அவர் சொல்லவில்லை. நான் அன்றைக்கு எந்தப் பெஞ்சில் இருந்தேன் என்று யோசித்தேன். மூன்றாவது பெஞ்சுதான், எப்போதும் போல.

கொரோனாவில் 2020 மார்ச் கடைசியில் கோயில் கதவு மூடி, செப்டம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. அந்த ஐந்து மாதமும் ஆராதனை போனில் வந்தது. பாட்டு வந்தது, பிரசங்கமும் வந்தது. இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம், நீளமான ஜெபத்தை விரலால் தள்ளிவிட்டோம். வராமல் போனது அப்பமும் பாத்திரமும். பக்கத்து ஆளின் இருமல், முன்பெஞ்சுக் குழந்தையின் அழுகை, சமாதானம் கொடுக்க நீட்டிய கை, இவையெல்லாம் வரவில்லை. பவுல் ரோமருக்கு எழுதும்போது உடம்பையே காணிக்கையாகக் கொண்டுவரச் சொல்கிறார். உடம்பு வர வேண்டும். அடுத்த உடம்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். ஒரே பாத்திரத்தில் வாய் வைக்க வேண்டும். இந்த மண்ணில் அந்த ஒரு மிடறுக்கு எவ்வளவு விலை என்பது 1833ஐப் படித்தவர்களுக்குத் தெரியும். சுகாதாரத்துக்காக இப்போது தனித்தனிக் குட்டிக் கிண்ணம் வந்துவிட்ட சபைகள் உண்டு. டாக்டர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

எங்கள் நெல்லைச் சீமையில் அசனம் என்று ஒன்று உண்டு. சபைப் பண்டிகைக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, ஊரையே உட்கார வைத்துப் போடுவார்கள். எந்த மதம், எந்தத் தெரு என்ற கேள்வி கிடையாது. இங்கே மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் யார் யாரோ தொன்னையில் சாம்பார் சாதமும் மோரும் நீட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அசனம்தான் ஞாபகம் வரும். நம் அறுப்பின் பண்டிகையில் நாம் என்ன செய்கிறோம்? முருங்கைக்காயை ஏலம் விட்டு ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு பொட்டலச் சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறோம்.

திரைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து இந்த வருஷம் கேட்டைத் திறந்து வைத்து அசனம் போடலாமா? பந்தல் ரோட்டுப் பக்கம். பரிமாறுவது நீங்களும் நாங்களும். உட்காருவது வருகிறவர்கள் எல்லாரும். டிரம்ஸ் வாங்கியே தீர வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் பறையும் கொண்டுவாருங்கள். மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கிராமத்துப் பாட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. சாவுக்கு அடிப்பது என்று நம் பெஞ்சுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். டிரம்ஸைப் பார்த்து எங்களுக்கு வருவது எரிச்சல் மட்டும்தான். பறையைப் பார்த்தால் என்ன வரும் என்று நாங்களே தெரிந்துகொள்வது நல்லது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கீபோர்டை இழுத்துக்கொண்டே இருக்காமல் ஒரு இரண்டு நிமிஷம் நிறுத்துங்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கட்டும். யாராவது அழுதால் அழட்டும்.

எங்கள் பெரியவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். வருகிற ஞாயிறு மூன்றாவது பெஞ்சை விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்காரப்போகிறேன். ஆளுக்கொரு பெஞ்சாகக் கலைந்து உட்காருவோம் என்று இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். ஒருவர் முழங்கால் வலி என்றார். பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். உங்கள் பாட்டுகளை எனக்குச் சொல்லிக் கொடுங்கள். திரை இல்லாவிட்டால் எழுத்தைப் பெரிதாக அடித்த தாள் ஒன்று வேண்டும், கண் சரியில்லை. மேல் ஸ்தாயி இனி எனக்கு வராது. கீழ்க்குரலுக்கு ஆள் குறைவு என்றார்களே, அதில் சேர்த்துக்கொண்டால் போதும்.

கிறிஸ்துவுக்குள் அன்புள்ள,
மூன்றாவது பெஞ்சுத் தாத்தா
மந்தைவெளி